ஏரியலில் காய்ந்த மோர்மிளகாய்

என் பிள்ளைக்கு,

மகனாக இருந்தால் மகன், மகளாக இருந்தால் மகள். எனக்கு இரண்டும் சம்மதம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழம்பாதே. நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு வயது பதினாறு. லண்டனில், பார்க்கிங் என்ற பெயருள்ள பகுதியில், கவுன்சில் வாடகைக்கு விடும் ஒரு கட்டிடத்தின் ஆறாம் மாடியில், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ இதை வாசிக்கும் நாளில் வளர்ந்து, படித்து, மீசையோ மூக்குத்தியோ வைத்து, என்னை விட வயது கூடிய ஆளாக இருப்பாய். அப்படிப் பார்த்தால் இந்தக் கடிதத்துக்குள் நீதான் பெரியவர், நான் சின்னவள். ஆகவே இதைத் தாயின் புத்திமதி என்று நினைத்துக் கொட்டாவி விடாதே. ஒரு தங்கச்சியின் வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொள். அது எனக்கும் சுகம், உனக்கும் சுகம்.

பிள்ளையே இல்லாமல் பிள்ளைக்குக் கடிதம் எழுத என்ன அவசரம் என்று கேட்பாய். மூன்று கிழமைக்கு முந்திய ஒரு சனிக்கிழமை என் அம்மா என்னைப் பார்த்து ஒரு வசனம் சொன்னார். நான் மாட்டேன் என்று நின்ற ஒரு விஷயத்தில், கடைசி ஆயுதமாக, குரலைத் தாழ்த்தி, "நீயும் ஒரு நாளைக்குத் தாயாவாய், அப்ப உனக்கு விளங்கும்" என்றார். ஏச்சு எனக்குப் பழக்கம், அது ஒரு காதுக்குள் போய் மறு காதால் வெளியே வந்துவிடும். இந்த வசனம் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. ஏனென்றால் அது உண்மையாகிவிடுமோ என்று எனக்குப் பயம். பிள்ளை பெற்றவுடன் எல்லோரும் கட்சி மாறிவிடுகிறார்கள் போலிருக்கிறது. அம்மாவும் ஒரு காலத்தில் பதினாறு வயதாக இருந்தவர்தானே. அவர் அப்போது ஒன்றும் எழுதி வைக்கவில்லை, மாறிவிட்டார். நான் மாறுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறேன்.

எல்லாம் ஒரு ஸ்கானரால் வந்தது. உன் காலத்தில் அது இருக்குமோ தெரியாது. பேக்கரிப் பாண் ஒன்றின் அளவில் ஒரு ரேடியோப் பெட்டி. சாதாரண ரேடியோ நீ வைத்த இடத்தில் நிற்கும். இது நிற்காது. அலைவரிசைகளின் மேல் தானாக ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே ஒரு குரல் கேட்கிறதோ அங்கே மட்டும் நிற்கும். குரல் முடிந்ததும் மறுபடி ஓட்டம். எங்கள் வீட்டு விசேஷங்களில் மாமா பந்திக்குப் பந்தி போவது போல. மாமா என்பது அம்மாவின் அண்ணன். அவரைப் பற்றிப் பிறகு வரும், நிறைய வரும். சனிக்கிழமைகளில் கடையொன்றில் சாமான் அடுக்கி வந்த காசில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஒரு வெள்ளைக்காரர் காரின் பின்கதவைத் திறந்து விற்றுக்கொண்டிருந்த பழைய சாமான்களுக்குள் அதை வாங்கினேன். பழைய செருப்புக்கும் உடைந்த மணிக்கூட்டுக்கும் நடுவில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கூப்பிட்டது.

இனி உனக்குப் பயன்படக்கூடிய பகுதி. அடப்டர் வாங்கினால் மின்சாரம் எத்தனை வோல்ட் என்பதோடு விட்டுவிடாதே, கூட்டல் முனை உள்ளேயா வெளியேயா என்று பெட்டியின் பின்புறத்தில் போட்டிருக்கும் சின்னப் படத்தையும் பார். நான் பார்க்கவில்லை. முதல் அடப்டர் மாட்டியதும் ஸ்கானர் பேசவில்லை, புகைத்தது. உள்ளே ஒரு பியூஸ் தன் உயிரைக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றியது. அலையைப் பிடிக்கிற ஏரியலை மின்கம்பி போகும் பக்கத்துக்குக் கொண்டுபோகாதே. எங்களுக்கு ஆறாம் மாடியில் அந்தப் பயம் இல்லை, ஆனால் வேறு பயம் உண்டு. ஏரியல் கம்பம் விழுந்தால் கீழே போகிற ஒருவரின் தலையில் விழும். அதனால் பால்கனிக் கம்பியோடு ஒரு கட்டு, அந்தக் கட்டு அவிழ்ந்தால் பிடிக்க இன்னொரு கட்டு, இரண்டும் வெவ்வேறு கயிறு. கதிரையில் ஏறி நின்று கட்டாதே. இடி முழக்கம் கேட்டால், நல்ல நிகழ்ச்சி போகிறது என்று பார்க்காமல், ஏரியல் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடு. இயர்போனைக் காதில் போட்ட பிறகு சத்தத்தைக் குறைக்கிறவன் மடையன். முதலில் குறை, பிறகு போடு, ஏனென்றால் மௌனமாக ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி ஒரு குரலைப் பிடித்ததும் அப்படியே காதுக்குள் அறையும்.

இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது, அதற்குக் கயிறு உதவாது. நூலகத்துப் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. ஸ்கானர் வைத்திருப்பது குற்றமில்லை, எதைக் கேட்கிறாய் என்பதில்தான் குற்றம். எல்லோருக்குமாக ஒலிபரப்புவதைக் கேட்கலாம், லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் கதைப்பவர்களைக் கேட்கலாம், லொறிக்காரர்கள் தங்களுக்குள் அரட்டையடிப்பதைக் கேட்கலாம். பொலிஸைக் கேட்கக் கூடாது. அம்புலன்ஸைக் கேட்கக் கூடாது. வயர் இல்லாத போனில் கதைப்பதும் அலையில்தான் வரும், ஆனால் பிறர் வீட்டு போனைக் கேட்கவே கூடாது. தற்செயலாக மாட்டினால் தாண்டிப் போய்விட வேண்டும், கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதை நான் பிடித்துக்கொள்ளவில்லை. எனக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்குப் பிடித்த நிலையம் எது தெரியுமா? எங்கேயோ எசெக்ஸ் பக்கத்தில் இரண்டு கிழவர்கள் மாலை நேரங்களில் தங்கள் தக்காளிச் செடிகளைப் பற்றிக் கதைப்பார்கள். ஒருவருடைய தக்காளி பழுக்காது, மற்றவருடையது பழுத்து அழுகும். அவர்களுக்கு நான் கேட்கிறேன் என்று தெரியாது, ஆனால் யாரோ கேட்பார்கள் என்று தெரியும். அந்த வித்தியாசத்தை வைத்துக்கொள், இந்தக் கடிதம் முழுக்க அதில்தான் நிற்கிறது.

ஏரியல் பார்ப்பதற்குத் துணி பறந்துபோன குடை மாதிரி இருக்கும். மேலே சில கம்பிகள் கிடையாக, கீழே சில கம்பிகள் சரிவாக. அதை நான் கட்டிய மூன்றாம் நாள் பாடசாலையால் வந்து பார்த்தால், ஒவ்வொரு கம்பியிலும் மோர்மிளகாய் நூலில் கோத்துத் தொங்குகிறது. அம்மா பல மாதங்களாக வெயில் படுகிற ஒரு கம்பியைத் தேடிக்கொண்டிருந்தாராம். லண்டனில் வெயிலும் கம்பியும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். சிக்னலில் காரம் கூடவில்லை, குறையவும் இல்லை, ஆகவே நான் எதிர்க்கவில்லை. அம்மாவும் எதிர்க்கவில்லை. எதிர்த்தவர் அப்பா.

அப்பா பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்து, கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், கூரைக்கு மேல் ஒரு கம்பி தெரிந்தால் அந்த வீட்டுக்குள் ஆமியின் சப்பாத்துக்கால்கள் வரும். யார் கட்டினது, யாருக்குச் செய்தி அனுப்புகிறாய் என்று கேட்டு வீட்டு ஆம்பிளையைக் கொண்டுபோவார்கள். அப்பாவை அப்படி ஒரு முறை கொண்டுபோயிருக்கிறார்கள், எங்கள் வீட்டில் கம்பியே இல்லாத நாளில். அது எனக்குத் தெரியும். அதனால் அவர் மூச்சு வாங்க ஏறி வந்து நின்றபோது நான் பகிடி விடவில்லை. இது வாங்குமே தவிர அனுப்பாது, இதில் பேசுகிற வாயே கிடையாது, காது மட்டும்தான் என்று நிதானமாக விளங்கப்படுத்தினேன். அப்பா கேட்டார், "அது உனக்குத் தெரியும். பாக்கிறவனுக்குத் தெரியுமோ?" எங்கள் விசா கேஸ் இன்னும் முடியவில்லை. பார்க்கிறவர்கள் என்று அவர் நினைத்த ஆட்கள் எல்லோரும் எங்கள் ஏரியலையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவருக்கு எண்ணம். ஸ்கானரைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எங்கள் அலுமாரியில் அம்மாவின் தாலிக்கொடி, பிறப்புச் சான்றிதழ்கள், கேஸ் பேப்பர், இப்போது என் ஸ்கானர். மரியாதையான இடம்தான். ஏரியலை மட்டும் கழற்ற முடியவில்லை, மிளகாய் காயவில்லை என்று அம்மா விடவில்லை.

நான் சண்டை பிடித்தேன். ஒவ்வொரு நாளும் அலுமாரிக் கதவைத் தட்டி, உள்ளே சுகமா என்று கேட்டேன். சாப்பாட்டு மேசையில் யார் என்ன கேட்டாலும், "மன்னிக்கவும், எனக்குக் காது இல்லை, பூட்டி வைத்திருக்கினம்" என்றேன். அப்பா சிரிக்கவில்லை, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார்.

பூட்டியதை அப்பாவே திறந்தார். ஏன் என்றுதான் நீ கவனிக்க வேண்டும். அக்காவுக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. அக்கா என்னை விடப் பதினொரு வயது மூத்தவர், மருந்துக்கடையில் வேலை, எங்கள் வீட்டிலேயே பொறுமையான ஆள். மாப்பிள்ளையின் வீடு எதிர்க் கட்டிடம். ஊராக இருந்தால் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பக்கத்து வீட்டில், சந்தியில் உள்ள கடையில், பெடியனோடு படித்தவனிடம், நாலு இடத்தில் விசாரித்துவிடுவார்கள். குடிப்பானா, கோபக்காரனா, தாய் எப்படி, எல்லாம் மூன்று நாளில் வந்துவிடும். இங்கே அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு போலந்துக்காரர், அவரிடம் போய் எந்த மொழியில் எதைக் கேட்பது? மாமா இரண்டு கிழமையாக விசாரித்துக் களைத்துப்போனார். பிறகு ஒரு நாள் எங்கள் பால்கனியில் நின்று தேத்தண்ணீர் குடிக்கும்போது, எதிரே மாப்பிள்ளையின் தாய் வயர் இல்லாத கோட்லெஸ் போனைக் காதில் வைத்தபடி பால்கனியில் நடந்து திரிவதைக் கண்டார். பிறகு ஏரியலைப் பார்த்தார். ஒரு மிளகாயை ஆட்டிப் பார்த்தார்.

இதில் என் பங்கும் உண்டு. ஸ்கானர் வந்த புதிதில் மாமாவிடம், இந்தப் பெட்டி பொய் சொல்கிற ஆளுக்குக் கிட்டப் போனால் கீச்சென்று சத்தம் போடும் என்று சொல்லிவைத்தேன். மனுஷன் நம்பிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் ஸ்கானர் இருந்த முன் ஹோலுக்குள் வராமல் குசினிக்குள்ளேயே நின்று சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்படிப்பட்டவருக்கு அதன் சக்தியில் சந்தேகம் வருமா?

சனிக்கிழமை பின்னேரம் அப்பா, அம்மா, மாமா மூவரும் ஹோலில் வரிசையாக இருந்தார்கள். ஸ்கானர் மேசையில் இருந்தது. அப்பா தானே பூட்டைத் திறந்து, தானே தூக்கி வந்து, கீழே ஒரு துணியும் விரித்திருந்தார். எனக்கு விளங்கச் சில வினாடி எடுத்தது. அந்த வீட்டுப் போனில் என்ன கதைக்கிறார்கள் என்று இரண்டு மூன்று பின்னேரம் கேட்டுச் சொன்னால் போதும், பிறகு ஸ்கானர் எனக்கே, பூட்டுமில்லை சாவியுமில்லை. அதுதான் பேரம். எனக்கு ஆசையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், சொன்னால் மேசையில் இருக்கிற பெட்டி கீச்சென்று கத்திவிடும். ஆனால் நான் மாட்டேன் என்றேன். அது அவர்கள் வீட்டுக் கதை, எங்களுக்கு வைத்த கதை அல்ல என்றேன்.

"உன்ரை அக்காவின்ரை வாழ்க்கையடி" என்றார் மாமா.

"அக்காவைக் கேட்டனீங்களோ?"

அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அப்பா அவரைப் பார்க்காமல் என்னிடமே சொன்னார், "ஊரிலை விசாரிச்சால் அது பொறுப்பு. இஞ்சை விசாரிச்சால் கள்ளமோ? என்ரை பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தன்ரை கையிலை குடுக்கச் சொல்லுறியோ?" அந்தக் கேள்வி இப்போதும் என்னைக் குடைகிறது, பிள்ளை. பயந்துபோன ஒரு மனுஷன் தன் மகளுக்காகக் கேட்கிறார். ஆனால் ஊரில் விசாரிக்கும்போது மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கும் தெரியும், தங்களை விசாரிக்கிறார்கள் என்று. அதைத்தான் நான் சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் அம்மா அந்த 'தாயாவாய், விளங்கும்' வசனத்தைச் சொன்னார்.

போன் அடித்தது. எங்கள் வீட்டுப் போன். அதுவும் கோட்லெஸ், மாமா எங்கேயோ மலிவாக வாங்கிப் பரிசளித்தது. அப்பாவுக்கு அதன் மேல் தனிப் பிரியம், ஏனென்றால் இரகசியம் கதைக்கக் குளியலறைக்குள் கொண்டுபோகலாம். நாங்கள் கேட்கக் கூடாது என்று பைப்பையும் திறந்துவிட்டுத்தான் கதைப்பார். எடுத்தார், கொழும்பிலிருந்து சித்தப்பா என்று உதடு அசைத்தார், உள்ளே போனார், பூட்டினார், பைப் திறந்தது.

எனக்குள் இருந்த குரங்கு எழும்பி உட்கார்ந்தது. சரி, ஒரு நிமிஷம் மட்டும் போட்டுக் காட்டுகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். முதல் "ஹலோ"வோடு நிறுத்தி, பாருங்கள், உங்கள் வீடும் இப்படித்தான் ஒழுகுகிறது என்று சொல்வதுதான் திட்டம். குமிழைத் திருகினேன். ஸ்கானர் ஓடியது, ஓடியது, நின்றது. சளசளவென்ற இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆம்பிளைக் குரல், யாழ்ப்பாணத் தமிழில், பெட்டைக்கு வயதிலை ஒன்றைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறம் என்றது. நான் நிறுத்தக் கை வைத்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நிப்பாட்டாதை. இப்பதான் விஷயம் வருது." அம்மாவின் பக்கம் திரும்பி, "கேட்டியோ தங்கச்சி, அந்த வீட்டிலை இன்னொரு பெட்டை இருக்கு, அதுக்கும் வயதைக் குறைச்சு விக்கப் பாக்கினம். கள்ளக் கூட்டம். நான் அப்பவே நினைச்சனான்."

அம்மா குளியலறைக் கதவைப் பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் ஒரு குரலோடு குடித்தனம் நடத்தியவர், பைப் தண்ணீருக்குள்ளும் அதைத் தெரியாமல் இருப்பாரா. அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பெட்டி தொடர்ந்தது. மச்சான்காரர் ஒருத்தர் இருக்கிறார், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வருவார், எல்லாத்துக்குள்ளையும் தலையை விடுவார், அவரின்ரை வாயாலைதான் இந்தக் காரியம் கெடப்போகுது என்றது. மாமா ஆமோதித்துத் தலையாட்டினார். எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்றார். அதே கணம் குளியலறையில் பைப் நின்றது, பெட்டிக்குள்ளும் இரைச்சல் நின்றது. அங்கே ஒரு இருமல், இங்கே அதே இருமல். மாமா என் மணிக்கட்டை மெதுவாக விட்டார்.

அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்குவதில் அரை நிமிஷம் போய்விட்டது. அந்த அரை நிமிஷத்தில் அப்பா சித்தப்பாவிடம் கொழும்பில் அவர் மறைந்திருக்கும் லொட்ஜின் பெயரைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். எந்தத் தெருவில் எந்த ஒழுங்கை, எத்தனையாவது அறை. பொலிஸ் ரவுண்டப்பில் பிடிபடாமல் இருக்க யாரிடம் போக வேண்டும், அந்த ஆளின் பெயர் என்ன. இரகசியமாக, பூட்டிய கதவுக்குப் பின்னால், ஒவ்வொரு எழுத்தாக. இந்தக் கட்டிடத்திலும் எதிர்க் கட்டிடத்திலும் பெட்டி வைத்திருக்கிற எவருக்கும் கேட்கும்படி. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எழும்பி வந்து ஸ்கானரை நிறுத்தியது அம்மா.

அப்பா போனை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து, "என்ன, பெடியன் வீடு பிடிபட்டுதோ?" என்றார்.

"இல்லை" என்றார் அம்மா. "எங்கடை வீடு பிடிபட்டுது."

அப்பாவுக்கு விளங்கிய விதத்தை நான் எழுத விரும்பவில்லை. அவர் ஏரியலைத்தான் முதலில் பார்த்தார், பழக்கதோஷம். பிறகு கையில் இருந்த போனைப் பார்த்தார். அதைச் சூடான சட்டி போல மேசையில் வைத்தார். ஏரியலுக்குப் பயந்து அவர் இரவில் திரையை மூடுகிறவர். வாயில்லாத பெட்டியைப் பூட்டிவிட்டு, வாயுள்ளதைக் குளியலறைக்குள் கொண்டுபோயிருக்கிறார், இத்தனை மாதமாக. யாரும் அவரை ஏசவில்லை. மாமா கூட ஏசவில்லை, அவருக்கு ஏசுவதற்கு முழு உரிமையும் இருந்தது. சாப்பிடாமல் போய்விட்டார், அதுதான் அவருடைய ஏச்சு.

அடுத்த நாள் அப்பா பழைய வயர் போனைத் தேடி எடுத்து ஹோலின் நடுவில் மாட்டினார். சுருள் வயர் கதிரை வரைக்கும்தான் எட்டும். இப்போது சித்தப்பாவோடு எங்கள் எல்லோருக்கும் முன்னால்தான் கதைக்க வேண்டும். அப்படித்தான் சித்தப்பா ஏன் ஒளிந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியவந்தது, அப்பா ஏன் கம்பியைக் கண்டால் மூச்சு வாங்குகிறார் என்பதும் முழுதாகத் தெரியவந்தது. அன்றைக்கே சித்தப்பாவை லொட்ஜ் மாறச் சொன்னார். மாறிவிட்டார், சுகமாக இருக்கிறார். ஸ்கானரை அப்பா திரும்பப் பூட்டவில்லை. மேசையிலேயே, அந்தத் துணியின் மேலேயே இருக்கிறது.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? அந்த வயர் போனிலேயே, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, எதிர் வீட்டுக்கு அடித்து, மாப்பிள்ளையோடு கதைக்க வேண்டும் என்று சொன்னார். ஆர்ச்வே முருகன் கோயிலில் சந்தித்தார்கள், நான் காவலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டோடு தள்ளி நின்றேன். பெட்டியை வைத்துக் கண்டுபிடிக்க நினைத்த எல்லாவற்றையும் அக்கா அவரிடமே கேட்டார். தன் உண்மையான வயதையும் சொன்னார். அதற்கு அவர், "எங்கடை அம்மா எனக்கு ரெண்டு வயது குறைச்சுச் சொன்னவா" என்றாராம். இன்னும் முடிவாகவில்லை. அக்காவுக்கு அவசரமில்லை, யோசிக்கிறார். மாமாதான் திரும்ப வரத் தொடங்கியிருக்கிறார், சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து.

எல்லாம் அடங்கிய பிறகும் அம்மா தன் வசனத்தை வாபஸ் வாங்கவில்லை. மிளகாயைத் திருப்பிப் போட்டபடி, "என்ன இருந்தாலும் நீ தாயானால் தெரியும்" என்றார். இருக்கலாம். உனக்கு ஒரு காதலோ கூடாத கூட்டாளியோ வரும் நாளில் என் கையும் தானாக ஒரு குமிழைத் தேடும். உன் காலத்தில் இதை விடப் பெரிய காதுகள் வந்திருக்கும், என்னிடமும் ஒன்று இருக்கும். உன் நன்மைக்குத்தான் என்று நான் சொல்வேன். அப்பா சொன்ன அதே குரலில் சொல்வேன், அது பொய்யாகவும் இருக்காது. அதனால்தான் இப்போதே சொல்கிறேன். நான் உன் கதவில் காது வைத்தால், உன் போனைத் தொட்டால், வேறொருவரை ஒட்டுக்கேட்டுச் சொல் என்று உன்னை ஏவினால், மரியாதை பார்க்காதே. இந்தத் தாளை என் முன்னால் போட்டு, ஹோலின் நடுவில் நின்று, உரக்க வாசி. நான் அழுதாலும் நிறுத்தாதே. வாசித்து முடித்த பிறகு, எனக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை உன் முகத்தைப் பார்த்துக் கேட்கச் சொல். சொல்லுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

நான் முரண்டு பிடிப்பேன், பார். எனக்கு என்னைத் தெரியும். நீயும் மாட்டேன் என்று நில்.

இப்படிக்கு,
உன்னை விட இளைய உன் அம்மா